மாத்திரைக்கு வழி தெரியாது: மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு முதல் வழிகாட்டி

தலைவலிக்கு விழுங்கும் மாத்திரைக்குத் தலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வயிற்றில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி இரத்தத்தில் கலந்ததும் கால் பெருவிரல் வரை போகிறது. போகிற வழியில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் அங்கேயும் தன் வேலையைச் செய்யும். வேண்டிய இடத்தில் நடந்தால் குணம் என்கிறோம்; வேண்டாத இடத்தில் நடந்தால் பக்கவிளைவு என்கிறோம்.

வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனை உதாரணமாகப் பார்ப்போம். காயம்பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுபவை புராஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள். அவற்றைத் தயாரிக்கும் நொதியை இந்த மருந்து முடக்குகிறது, வலி அடங்குகிறது. ஆனால் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் கோழைப் படலத்தைச் சுரக்க வைப்பதும் இதே புராஸ்டகிளாண்டின்தான். அதனால்தான் வலி மாத்திரையால் வயிற்றுப்புண்ணும் இரத்தக்கசிவும் வருகின்றன. சாப்பிட்ட பின் போட்டால் எரிச்சல் குறையலாம், ஆனால் புண் வராது என்று அர்த்தமில்லை. கெடுதல் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாக நடப்பதால், ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

மருத்துவர் எழுதிய அளவை நீங்களாக மாற்றிக்கொள்வதற்கு இந்தக் கட்டுரை அல்ல. எழுதிய மருந்தை ஒழுங்காக எடுக்கவும், வீட்டில் பெரியவர்களுக்கோ குழந்தைக்கோ கொடுக்கும்போது எங்கே கை தவறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும்தான்.

முதல் வேலை: அட்டையின் சிறிய எழுத்தைப் படிப்பது

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடிக்கடி இப்படி இரட்டிப்பாவது பாராசிட்டமால். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும், பல சளி மாத்திரைகளில் இருக்கும், உடம்பு வலிக்கான கூட்டு மாத்திரைகளிலும் இருக்கும். காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரை நான்கு வேளை போட்டால் 2,600 மி.கி. அதோடு 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை மூன்று வேளை போட்டால் இன்னும் 1,500. மொத்தம் 4,100. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் உச்சவரம்பு. எடை குறைந்தவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும்.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதைக் குளூட்டாதயோன் என்ற பொருள் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. அளவு மீறினால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும். அதன் பிறகு நச்சு நேரடியாகக் கல்லீரல் செல்களைக் கொல்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். கல்லீரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து, விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுவதுமாகக் காப்பாற்றும். அதற்குப் பிறகு நேரம் போகப்போகப் பலன் குறையும். ஆகவே யாராவது அளவுக்கு மீறி விழுங்கியது தெரிந்தால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். காலி அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுங்கும் முறை

நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். எச்சிலோடு விழுங்கிப் படுத்தால் கேப்ஸ்யூல் உணவுக்குழாயின் ஈரச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேலுறை ஜெலட்டின் என்பதால் நனைந்ததும் பசையாகிறது. உள்ளே இருக்கும் மருந்து ஒரே இடத்தில் கசிந்து அங்கே புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இதற்குப் பேர்போனது. எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை எடுக்கும் அலென்ட்ரோனேட்டும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுத்துவிட்டு, குறைந்தது 30 நிமிடம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது.

"வெறும் வயிறு" என்றால் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு அல்லது 2 மணி நேரம் பின்பு. மாத்திரை போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தால் அது வெறும் வயிறு ஆகாது. தைராய்டுக்கான லெவோதைராக்ஸினைக் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி. இந்த உலோகச் சத்துகள் வயிற்றிலேயே மருந்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், குடலால் உறிஞ்ச முடியாமல் இரண்டும் மலத்தோடு போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே கதி. கால்சியம், இரும்பு, அமில முறிவு மருந்து ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் பின்பு எடுங்கள். பாலோடு சேர்த்து விழுங்க வேண்டாம். கிருமி சாகவில்லை, மருந்து கேட்கவில்லை என்று நினைக்கும் சில இடங்களில் மருந்து இரத்தத்துக்கே போய்ச் சேர்ந்திருக்காது.

விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையை நசுக்குவதற்கு முன் பெயரின் கடைசியைப் பாருங்கள். எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருந்தால் 12 அல்லது 24 மணி நேரத்துக்கான மருந்து மெதுவாக வெளிவரும்படி கட்டப்பட்டிருக்கிறது. நசுக்கினால் முழுநாள் மருந்தும் ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கும். இரத்த அழுத்த மருந்தாக இருந்தால் மயங்கி விழலாம். வலுவான வலி மருந்தாக இருந்தால் மூச்சு நின்றுபோகலாம். விழுங்க முடியாதவருக்குப் பல மருந்துகள் சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ கிடைக்கும், மருந்தாளரிடம் கேளுங்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை விழுங்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. குடலில் உறிஞ்சப்படுவது எல்லாம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. நெஞ்சுவலிக்கான கிளிசரில் டிரைநைட்ரேட்டின் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியில் இருக்கும் மெல்லிய இரத்தக்குழாய்கள் அந்தச் சுங்கச்சாவடியைத் தவிர்த்து நேரே இதயத்துக்குக் கொண்டுபோகின்றன. வைப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்தவர் இதை வைத்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கு

இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரைவாழ்வு என்பார்கள். பாராசிட்டமாலுக்கு அது 2 முதல் 3 மணி நேரம். லெவோதைராக்ஸினுக்குச் சுமார் 7 நாள். ஒவ்வொரு அரைவாழ்விலும் 100 என்பது 50, 25, 12.5, 6.25, 3.1 என்று இறங்கும். ஐந்து அரைவாழ்வு கழிந்தால் ஏறக்குறைய காலி. தினமும் எடுக்கும் மருந்து உடலில் சேர்ந்து ஒரு நிலையான மட்டத்துக்கு வரவும் இதே அளவு காலம் ஆகும். தைராய்டு மாத்திரை அளவை மாற்றிய பின் ஆறு வாரம் கழித்துத்தான் இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். "ஒரு வாரமாகப் போடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நீங்களாகக் கூட்டினால் மூன்றாவது வாரத்தில் படபடப்போடு நிற்க வேண்டிவரும்.

சில மருந்துகளில் மருந்து போன பிறகும் வேலை நிற்காது. ஆஸ்பிரின் இரத்தத்தில் அரை மணி நேரம்கூடப் பெரிதாக நிலைக்காது. ஆனால் அதற்குள் இரத்தத் தட்டணுக்களில் இருக்கும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்குப் புதிய நொதி செய்துகொள்ளும் வசதி இல்லை. அது வாழும் 7 முதல் 10 நாளும் அப்படியே இருக்கும். பல் பிடுங்கவோ அறுவைக்கோ போகும்போது, "போன வாரமே நிறுத்திவிட்டேனே" என்று நினைத்துச் சொல்லாமல் விடக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது அடைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. மறப்பதற்கு முன்பே, மருந்தை வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. மற்ற மாத்திரைகளைப் போல நினைத்துத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எலும்பு மஜ்ஜை புதிய இரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிடும். வாயெல்லாம் புண், காய்ச்சல் என்றுதான் முதலில் தெரியும். அட்டையின் மேல் "திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தினசரி மாத்திரைப் பெட்டியில் இதைப் போடாதீர்கள்.

எதோடு எது சேரக் கூடாது

கல்லீரலிலும் குடல் சுவரிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சிலவே, மருந்துகளோ ஆயிரக்கணக்கில். ஒரு மருந்து அந்த நொதியை அடைத்துக்கொண்டால் அடுத்த மருந்து சிதையாமல் இரத்தத்தில் தேங்கும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சிம்வாஸ்டாட்டின் பல மடங்கு ஏறித் தசைகள் சிதையலாம். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அது ஓர் அபாய அறிகுறி. கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் குடலில் இருக்கும் அதே நொதியைத்தான் முடக்குகிறது. காலையில் குடித்த சாற்றின் விளைவு மறுநாளும் இருக்கும், அதனால் மாத்திரையை இரவுக்கு மாற்றிப் பயனில்லை.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் போகிறது. நொதியைப் பெருக்கிவிடும். கருத்தடை மாத்திரை வேகமாகச் சிதைந்து பலனிழக்கும், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரினும் இரத்தத்தில் குறைந்துபோகும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் 4 வாரத்துக்கு வேறு கருத்தடை முறை தேவை. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது இந்த மருந்தின் சாயம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தப் புது மருந்துக்கும் முன்னால் கேட்டே ஆக வேண்டும். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் இரண்டுமே அதை ஏற்றிவிடும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அதை இறக்கும். கீரையை விடத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு மூவர் கூட்டணியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றுமே சாதாரண மருந்துகள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அழுத்தம்தான் கழிவை வடிக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். பெயர் "பிரில்" என்றோ "சார்டன்" என்றோ முடியும் இரத்த அழுத்த மருந்துகள் வெளியே போகும் குழாயை விரிக்கும். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை உடலில் இருக்கும் நீரையே குறைக்கும். வரவு குறைந்து, போக்கு திறந்து, மொத்த நீரும் இறங்கினால் வடிகட்டியில் அழுத்தம் எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஓரிரு நாளில் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்யலாம். அழுத்த மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு மூட்டுவலி என்றால் கைக்குக் கிடைத்த வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்த நாளிலேயே எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டிரமடால், மார்ஃபின் வகை வலி மருந்து, தூக்க மாத்திரை, மது இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மூளையில் மூச்சை நடத்தும் மையம் மந்தமாகும். உரத்த குறட்டையோடு, எழுப்பினாலும் எழாமல், உதடு நீலமாகத் தூங்குபவரைத் தூங்கட்டும் என்று விடாதீர்கள். அவசர உதவியை அழையுங்கள்.

குழந்தைக்கு அளந்து கொடுப்பது

குழந்தைக்கு அளவு வயதால் அல்ல, எடையால். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 15 மி.கி.; வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம்; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை 10 கிலோ என்றால் 150 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. என்றிருந்தால் 6.25 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. என்றிருந்தால் 3 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் 1.5 மி.லி. மட்டுமே. சிரப் தீர்ந்துபோய்ச் சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து பழைய பழக்கத்தில் 6.25 மி.லி. ஊற்றினால் 625 மி.கி. போகும். நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே "எத்தனை மி.லி.?" என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்தப் பாட்டிலில்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுக் கரண்டியால் அளக்க வேண்டாம். ஒரு கரண்டி 3 மி.லி. கொள்ளும், இன்னொன்று 7 மி.லி. கொள்ளும். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சில் உறிஞ்சி, கண் மட்டத்துக்குத் தூக்கி, கோட்டைச் சரிபார்த்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள். தொண்டையைப் பார்த்து விட்டால் புரையேறும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது. ரை நோய்க்குறி என்னும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய் வரலாம்.

கர்ப்பம்

மேற்கு ஜெர்மனியில் 1957இல் தாலிடோமைடு தூக்கத்துக்கான மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பகால வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 இறுதியில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தன. கை கால் முளைக்கும் அந்தச் சில நாட்கள், பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாத நாட்கள். அதனால் வலிப்புக்கான வால்புரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், பிரில்-சார்டன் வகை மருந்துகளை எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும். வலிப்பு மருந்தைப் பயத்தில் தானாக நிறுத்துவதும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்துதான்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்

பிரில் மருந்தால் வரும் வறட்டு இருமல் தொல்லை, ஆனால் ஆபத்தில்லை. மருத்துவர் வேறு வகைக்கு மாற்றுவார். அதே மருந்தால் உதடும் நாக்கும் வீங்கினால் அது அவசரம். பல மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிறகும் இது வரலாம்.

மருந்து போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே குத்துங்கள். அலர்ஜி மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத்திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். சட்டென்று எழுந்து நடக்க விடாதீர்கள்.

இன்னொன்று மெதுவாக வரும். கார்பமாசிபைன், லாமோட்ரிஜின், அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் ஆரம்பித்த முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு தோலில் வலிக்கும் சிவப்பு, வாயிலும் கண்ணிலும் புண், கொப்புளம் என்று வந்தால் அன்றே மருத்துவமனை. தோல் உரியத் தொடங்கிவிட்டால் தீக்காயத்துக்கு நிகரான சிகிச்சை தேவைப்படும்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தால், அட்ரினல் சுரப்பி தன் சொந்தக் கார்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடலில் இரண்டுமே இருக்காது. அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இதயத்துடிப்பை அடக்கும் மெட்டோபுரோலால், புரொப்ரனலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் அதுவரை அடங்கியிருந்த இதயம் துள்ளும், நெஞ்சுவலி திரும்பும். மூக்கடைப்புச் சொட்டு மருந்துகூட 5 நாளைத் தாண்டினால், விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

கையில் வைத்திருக்க வேண்டிய தாள்

முதலில் எழுதிய அந்தத் தாளை விரித்து, ஒவ்வொரு மருந்துக்கும் எதற்காக, எத்தனை மி.கி., எந்த வேளை, எப்போது தொடங்கியது என்று நிரப்புங்கள். மூலிகை மருந்து, வைட்டமின், கண்சொட்டு, இன்ஹேலர் எதையும் விடாதீர்கள். அடியில் ஒவ்வாமைக்கு ஒரு வரி. "பெனிசிலின் அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் அடுத்த மருத்துவர் அந்தக் குடும்ப மருந்துகள் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, பலன் குறைந்த ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். "அமாக்சிசிலின், இரண்டாம் நாள், வயிற்றுப்போக்கு மட்டும், தடிப்பு இல்லை, மூச்சுத்திணறல் இல்லை" என்று எழுதியிருந்தால், அது ஒவ்வாமையே இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.